கடைசித் துறைக்குப் போன எஞ்சின்

"ஏனுங்க, கடசித் தொறைக்குப் போற எஞ்சின இப்பிடிப் படகு மூக்குல வெச்சா மொதத் தொறைல மூட்டைய எப்பிடிங்க எறக்கறது?"

படகோட்டி கஸ்பார் இப்படிக் கேட்பது அந்த மாதத்தில் எத்தனையாவது தடவையோ. படகின் சொந்தக்காரர் நஞ்சப்பன் காதில் வாங்கவில்லை.

"மொதல்ல வந்தவன் சரக்கு மொதல்ல ஏறும். நிக்க வெச்சா அடுத்த படகுக்குப் போயிருவாங்க. நீ ஏத்துப்பா."

மேட்டூர் அணைத் தண்ணீர் பென்னாகரம் பக்கம் ஏறி நிற்கும் இடத்தில், எதிர்க்கரையின் மூன்று துறைகளுக்குச் சரக்கு கொண்டுபோகும் படகு அது. முன்பக்கப் பலகை ஒன்றுதான் வழி. முதலில் ஏறியது உள்ளே போய்விடும். கடைசியாக ஏறியதை நகர்த்தினால்தான் அது வெளியே வரும். இதைப் புரிந்துகொள்ளப் பள்ளிக்கூடம் போக வேண்டுமா என்று கஸ்பாருக்கு எரிச்சலாக வந்தது. கிணற்றுக்கு வாங்கிய அந்த ஆயில் எஞ்சினைத் தூக்க ஆறு ஆள் வேண்டும்.

முதல் துறையில் அதைக் கரையில் இறக்கி, புண்ணாக்கு மூட்டைகளை வெளியே எடுத்து, மறுபடி எஞ்சினை ஏற்றுவதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. ஒருவன் கால்விரல் நசுங்கியது. இரண்டாவது துறையில் உர மூட்டைக்காரர் பச்சியப்பன் படகிலேயே எழுந்து நின்று, "ம், தூக்குங்க," என்றார். அப்போதுதான் கரைமேட்டிலிருந்து ஒரு ஆள் கத்தினான்.

"கடசித் தொறைல மாது பொண்டாட்டி நேத்துலருந்து பெரசவ வலியில கெடக்கறா! கட்டில்ல போட்டுக்கிட்டுப் படகுக்கு ஒக்காந்திருக்காங்க!"

கஸ்பார் எஞ்சின்மேல் வைத்த கையை எடுத்தான். கழியை ஊன்றிப் படகைத் தள்ளினான்.

"என் மூட்டை?" என்றார் பச்சியப்பன்.

"திரும்பி வந்து எறக்கறேனுங்க."

"நான் என்ன ஒனக்குக் கூட வந்து வேடிக்கை பாக்கறவனா?"

வழியெல்லாம் அவர் திட்டிக்கொண்டே வந்தார். கஸ்பார் கழியை ஊன்றிக்கொண்டே இருந்தான். அந்தக் காலை முழுவதையும் தின்றது எது என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பான்.

கடைசித் துறையில் கயிற்றுக் கட்டிலில் மாதுவின் மனைவி செல்லி உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். எஞ்சினைப் பத்து நிமிடத்தில் இறக்கினார்கள். முன்பக்கம் எடை போனதும் படகு பின்னால் அமுங்கியது. கஸ்பார் உர மூட்டைகளை நடுவுக்குத் தள்ளி, கட்டிலை முன்னால் வைத்தான். மாதுவும் அவன் அம்மாவும் ஏறினார்கள். பச்சியப்பன் திட்டுவதை எப்போது நிறுத்தினார் என்று தெரியவில்லை. துண்டை இரண்டு கையாலும் விரித்து செல்லி முகத்தில் வெயில் படாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

படகு புறப்பட்ட கரைக்கே திரும்பியபோது, ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு மாட்டுவண்டி துறையில் நின்றது. கட்டிலோடு தூக்கி வைத்தார்கள்.

"ஒர மூட்டைய எறக்காம வந்திருக்கிறியே, யாரக் கேட்டுப்பா..." என்று நஞ்சப்பன் ஆரம்பித்தார். அதற்குள் மேடேறிய வண்டி பாதியில் நின்றுவிட்டது. குழந்தையின் அழுகை கேட்டது. துறையில் இருந்த எல்லாரும் அசையாமல் நின்றார்கள். செல்லியின் சத்தம் மட்டும் இல்லை.

வெகுநேரம் கழித்து மாது ஒரு சொம்போடு சரிவில் ஓடிவந்தான். அவனுக்கு மூச்சு வாங்கியது.

"தண்ணி கேக்கறா," என்றான்.

கஸ்பார் சொம்பை வாங்கிக்கொண்டு, கரையோரக் கலங்கலைத் தாண்டி, தெளிந்த தண்ணீரைத் தேடி இடுப்பளவு ஆழத்துக்கு நடந்தான்.