மணல்திட்டில் நிற்க ஒரு ஆள்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, காலை நன்றாக நீட்டிக்கொள்ளுங்கள். இன்றைக்கு ஒரு பிடிவாதக்காரியின் கதை சொல்கிறேன். அழவைக்க மாட்டேன். அவளே அழவில்லை, நீங்கள் எதற்கு அழ வேண்டும்.

"சாவி" என்றாள் அவள்.

பெரியவர் குளிர் அறையின் வெளிச்சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கால்சட்டையில் இன்னும் கடல்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இறால் தட்டை இடுப்போடு அணைத்துக்கொண்டு இன்னொரு கையை நீட்டியபடி அவள் நின்றாள். ஒன்பது வருஷம் கழித்து அப்பாவிடம் அவள் பேசிய முதல் சொல் அது. பதில் வராததில் அவளுக்கு ஆச்சரியமில்லை. வேண்டுமென்றே பேசாமல் இருக்கிறார் என்று நினைத்தாள். கொஞ்சம் அதட்டலாக, "சாவியக் குடுங்க, இறால் கெட்டுப்போகுது" என்றாள். அப்புறம்தான் அவர் மூக்கின் மேல் ஒரு ஈ நிதானமாக நடப்பதைப் பார்த்தாள்.

அவர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். கதவைத் திறந்து இறாலை உள்ளே வைத்துச் சாத்தினாள். பிறகுதான் தம்பியைக் கூப்பிடப் போனாள். கல்நெஞ்சக்காரி என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். கதையைக் கேளுங்கள்.

அது ஒரு பணக்காரருக்குச் சொந்தமான தனித்தீவு. பெரியவர்தான் அதற்கு ஒரே காவல்காரர். உல்லாசப் படகை மொத்தமாக வாடகைக்கு எடுத்துக்கொண்டு விருந்தாளிகள் வருவார்கள், இரண்டு நாள் மனுஷ வாடையே இல்லாமல் இருந்துவிட்டுப் போவார்கள். படகைத் தம்பி ஓட்டினான். சமையல் அவன் அக்காவான இவளுடையது. அவள் கட்டினவனோடு வாழ முடியாமல் ஒரு பெட்டியோடு இந்தத் தீவுக்கு வந்த அன்று, பெட்டியை இறக்கக்கூட விடாமல், வந்த படகிலேயே அவளைத் திருப்பி அனுப்பினவர் அப்பா. அவள் கெஞ்சவில்லை. அந்தப் படகிலேயே சமையல் வேலை கேட்டுச் சேர்ந்துகொண்டாள், வாராவாரம் அவர் தன் முகத்தில் விழிக்க வேண்டும் என்று. அவள் கயிற்றை எறிவாள், அவர் பிடித்துக் கட்டுவார். ஒரு பேச்சுக் கிடையாது. அவளாக இறங்கி வரட்டும் என்று அவர் இருந்தார். அவராகக் கேட்கட்டும் என்று இவள் இருந்தாள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தீவைச் சுற்றிலும் பவளப்பாறை. படகு நுழைய ஒரே ஒரு இடுக்கு. அதன் ஓரத்தில் இருக்கும் மணல்திட்டு தினம் ஒரு இடத்துக்கு நகரும். காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் கடல் ஏறும்போது, பெரியவர் திட்டின் மேல் நடந்து போய், மணல் சரியும் விளிம்பைக் காலால் தடவிக் கண்டுபிடித்து, மார்பளவுத் தண்ணீரில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார். அவரை உரசினாற்போலப் படகைக் கொண்டுபோக வேண்டும். கை இறங்கினால் அந்தப் பக்கம் போகாதே என்று அர்த்தம். அன்று காலையும் நின்று படகை உள்ளே விட்டார். கரையேறி வந்து உட்கார்ந்தவர்தான்.

தம்பி வந்து பார்த்தான். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சற்று நேரம் நின்றான். பிறகு வயர்லெஸ்ஸில், அக்கரையில் இருக்கும் தீவு மேனேஜரிடம் பேசிவிட்டு, கையில் ஒரு தார்ப்பாயோடு திரும்பி வந்தான். விருந்தாளிகளுக்கு இது கல்யாண நாளாம். அவர்கள் காதுக்குப் போகக் கூடாதாம். நாளை மறுநாள் அவர்கள் கிளம்பும் வரை குளிர் அறையில் வைத்திருக்க வேண்டுமாம். சொல்லிக்கொண்டே மீன் தட்டுகளை ஒரு பக்கமாக ஒதுக்க ஆரம்பித்தான்.

அவள் போய் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

"எந்திரிக்கா."

"சாயங்காலம் கடல் ஏறும்போது கொண்டு போ. நாளைக்குக் காலைல அடக்கம் பண்ணு. மறுபடி ஏறும்போது திரும்பி வா. எவன் குடி முழுகிடும்?"

"இத்தன வருஷம் அவரு இருக்காரா செத்தாரான்னு ஒரு வார்த்த கேட்டியா? இப்ப என்ன புதுசா பாசம் பொத்துக்கிட்டு வருது?"

"பாசம்னு யாருடா சொன்னா? எனக்கும் அவருக்கும் கணக்குத் தீரல. அதுக்காக மீனுக்கு நடுவுல மீனாப் போட விட்ருவேனா?"

அவன் அவள் தோளைப் பிடித்துத் தள்ளினான். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அவன் இன்னொரு தரம் தள்ளியபோது எழுந்து, அவன் கன்னத்தில் அறைந்துவிட்டு, நேராக விருந்தாளிகள் வீட்டுக்கு நடந்தாள்.

அவர்கள் தாழ்வாரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். விருந்துக்கு வந்த தொழிலதிபர் தொப்பியைக் கழற்றாமலே தலையை நிமிர்த்தினார். கூப்பிடாமல் யாரும் வரக் கூடாது என்று முதலிலேயே சொல்லியிருந்தோமே என்றார். ஆமாம் ஐயா என்றாள் அவள். காவல்காரர் இறந்துவிட்டார் என்றும், அவரை உங்கள் இறாலுக்குப் பக்கத்தில்தான் படுக்கவைக்கப் போகிறோம் என்றும் சொல்லிவிட்டு, ராத்திரிக்கு அந்த இறாலை வறுக்கவா, குழம்பாக வைக்கவா என்று மரியாதையாகக் கேட்டாள். அவர் மனைவி வாயருகே கொண்டுபோன கரண்டியைத் தட்டிலேயே வைத்தாள்.

"இன்னிக்கே கொண்டு போயிடுங்க. தயவுசெஞ்சு" என்றாள் அந்த அம்மாள்.

அரைமணி நேரத்தில் மேனேஜரும் சரி என்றுவிட்டார். ஆனால் தம்பி நகரவில்லை. சிவந்த கன்னத்தோடு படகுத்துறையில் உட்கார்ந்து, கயிற்று நுனியைப் பிரித்துப் பிரித்து முறுக்கிக்கொண்டிருந்தான். இன்னும் என்ன என்று கேட்டாள்.

"அவரு நிக்காம நான் ஒரு நாளும் வெளிய எடுத்ததில்லக்கா. திட்டு எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது. தண்ணில இறங்கிப் பாக்கலாம்னா நீச்சலும் தெரியாது."

"நல்ல கேப்டன்டா நீ" என்றாள். அவன் தலை நிமிரவில்லை. காலையிலிருந்து அவன் பயந்தது மேனேஜருக்கு அல்ல, அந்த இடுக்குக்கு என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

"நான் நிக்கிறேன். என் கல்யாணத்துக்கு முன்னாடி அவருக்குக் காய்ச்சல் கண்டப்பல்லாம் நான்தான நின்னேன்."

"இடுக்குல படக நிறுத்த முடியாது. உன்ன ஏத்திக்க முடியாதுக்கா. அடக்கத்துக்கு நீ வர முடியாது."

"வரேன்னு நான் எப்பச் சொன்னேன்?"

இருவருமாகப் பெரியவரை வெள்ளைத் துணியில் சுற்றி, கடற்கரைக் கட்டில் ஒன்றில் கிடத்தி, விருந்தாளிகள் பார்க்கப் பார்க்க, நடுப்பாதை வழியாகவே தூக்கிக்கொண்டு போனார்கள். கனம் அவ்வளவாக இல்லை. பின்தளத்தில் மெத்தைகளை எடுத்துவிட்டு, கட்டிலைப் பக்கவாட்டுக் கம்பியோடு கட்டினார்கள். முடிச்சுகளை அவளே போட்டாள். தம்பி போட்ட ஒன்றை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

வெயில் சாயும்போது தண்ணீரில் இறங்கினாள். திட்டு காலையில் இருந்த இடத்தில் இல்லை. காலால் தேடித் தேடி நடந்தாள். ஓரிடத்தில் மணல் விரல்களுக்கடியிலிருந்து சரிந்து ஓடியது. அங்கே நின்று கையைத் தூக்கினாள். தண்ணீர் அவளுக்குக் கழுத்துவரை வந்தது.

படகு மெதுவாக வந்தது. தம்பியின் கண் அவள் கையை விட்டு அசையவில்லை. முன்பகுதி அவளைத் தாண்டியது, பிறகு நடு, பிறகு பின்தளம். காற்றில் வெள்ளைத் துணியின் ஒரு முனை பிரிந்து, கம்பிக்கு வெளியே வந்து, அவள் முகத்துக்கு நேராக ஆடியது. எட்டினால் தொட்டுவிடலாம். இன்னொரு கை தண்ணீருக்குள் துடுப்பாக அவளை நிலைநிறுத்திக்கொண்டிருந்தது. அதை எடுத்தால் இழுத்துக்கொண்டு போய்விடும். தூக்கிய கையை இறக்கினால் தம்பி படகை அந்தப் பக்கம் திருப்பி, பாறையில் மோதிவிடுவான். துணி முனை அவள் நெற்றியை ஒரு தரம் தட்டிவிட்டுப் போய்விட்டது. அவள் கையை இறக்கவில்லை.

படகு பாறைகளைத் தாண்டி ஆழத்துக்குப் போனதும் அவள் திரும்பினாள். கரையில் தொழிலதிபரின் மனைவி நின்றுகொண்டிருந்தாள். இவள் கை காட்டி வழியனுப்புகிறாள் என்று நினைத்தாளோ என்னவோ, அந்த அம்மாளும் ஒரு கையைத் தூக்கி, படகைப் பார்த்து ஆட்டிக்கொண்டிருந்தாள்.

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டில் கோபம் வந்தால் சத்தமாக வரட்டும், வந்த அன்றே போய்விடட்டும். சாப்பிடக் கூப்பிட்டால் எல்லாரும் வந்து உட்காரட்டும். பிள்ளைகுட்டிகளோடு நல்லா இருங்கள்.