இடப்பக்கத்து அட்டை

இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பிக்கிற டிசைன் மாணவிக்கு அறிவுரைக்கா பஞ்சம்? சீனியர்கள் ஆளாளுக்கு வாரி வழங்கினார்கள். "பத்து வேலைக்கு மேல காட்டாத, பார்க்கிறவங்களுக்குப் பொறுமை இருக்காது" என்றான் ஒருவன். "கம்ப்யூட்டர்ல பொய்ச் சுவரு போட்டு அதுல போஸ்டரை ஒட்டிக் காட்டினா மூஞ்சியத் திருப்பிக்குவாங்க. யாராவது நிஜமாவே பயன்படுத்தின பொருள் ஒண்ணு வேணும். அழுக்கோட அப்படியே கொண்டு போ" என்றாள் இன்னொருத்தி. மாணவிக்கு இதுதான் மனதில் ஒட்டிக்கொண்டது. விண்ணப்பித்த இடங்களில் ஒரே ஒரு ஸ்டுடியோதான் கூப்பிட்டிருந்தது. அதுவும் கைநழுவினால் இந்த வருடம் படிப்பு முடியாது.

நிஜமாகப் பயன்பட்ட பொருள் அவளிடம் ஒன்று இருந்தது. பக்கவாதம் வந்து அப்பாவுக்குப் பேச்சு போனபோது அவள் அவசர அவசரமாக வரைந்த அட்டை. தண்ணீர், வலி, கழிவறை, விளக்கு, ஜன்னல் என்று அதில் படங்கள். வேண்டியதை அப்பா இடது கையால் தொட்டுக் காட்டுவார். விரல் பட்டுப் பட்டு அட்டை கறுத்திருந்தது. ஓரமெல்லாம் மருந்துக் கறை.

அதை எடுத்துக்கொண்டு போனால் அப்பா எப்படிப் பேசுவார்? அதற்காகவே தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு புது அட்டை ஒன்று செய்தாள். படங்களைச் சீராக்கி, சம இடைவெளி விட்டு, அட்டை முழுவதும் பரப்பி, லேமினேட்டும் போட்டாள். படித்த படிப்பு சும்மா விடுமா?

"பழசை விட இது எவ்வளவு நல்லா இருக்கு பாருங்கப்பா" என்று காலையில் மடியில் வைத்தாள். அப்பா பழையதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அதைப் பைக்குள் வைத்துவிட்டு, அப்பாவைப் பார்த்துக்கொள்ளும்படி அண்ணனிடம் சொல்லிக் கிளம்பினாள்.

ஸ்டுடியோவை நடத்துகிற அம்மாள் அவளுடைய வேலைகளை மளமளவென்று தள்ளிக்கொண்டே போனார். அட்டை வந்ததும் கை நின்றது.

"இது என்னம்மா, எல்லாப் படமும் இடது பக்கமே நெருக்கியடிச்சு நிக்குது? வலது பாதியைச் சும்மா விட்டிருக்கீங்க?"

இந்தக் கேள்விக்குத்தானே அவள் காத்திருந்தாள்! "பேச்சோட சேர்ந்து அப்பாவுக்கு வலது பக்கத்துப் பார்வையும் போயிடுச்சு மேடம். அந்தப் பக்கம் எதை வச்சாலும் அவருக்குத் தெரியாது. அதனாலதான்..."

பேச்சு பாதியில் நின்றுவிட்டது. புது அட்டையில் கழிவறை வலது மூலையில் இருந்தது. அங்கே வைத்தால்தான் பக்கம் நிறைவாகத் தெரிகிறது என்று அவளே தன்னை மெச்சிக்கொண்டு வைத்த இடம்.

"ஒரு போன் பண்ணிக்கட்டுமா மேடம்?"

அண்ணன் எரிச்சலில் இருந்தான். "அப்பா எதையோ கேட்டுக்கிட்டே இருக்காரு. அட்டையத் தடவித் தடவிப் பார்த்துட்டுத் தண்ணியத்தான் காட்டுறாரு. நானும் குடுத்துக்கிட்டே இருக்கேன், குடிக்க மாட்டேங்குறாரு, அழுவுறாரு."

"அண்ணா, அவருக்கு பாத்ரூம் போகணும். உடனே கூட்டிட்டுப் போ."

"இப்ப சொல்லி என்ன பிரயோஜனம்?" என்றான்.

அவள் அங்கேயே உடைந்து அழுதாள். எதிரே இருந்தவர் விவரம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அட்டையை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினார். "முதல்ல இதைக் கொண்டு போய் அப்பாகிட்ட குடுங்க. திங்கக்கிழமை வேலைக்கு வந்துடுங்க."

கேட்டது கிடைத்துவிட்டது. வழி நெடுக அவளுக்கு அவமானமாகத்தான் இருந்தது.

வீட்டில் அப்பாவுக்கு வேறு உடை மாற்றியிருந்தது. அண்ணன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கட்டிலுக்கு இடது பக்கமாகப் போய் மண்டியிட்டு, "மன்னிச்சிடுங்கப்பா" என்று பழைய அட்டையை வைத்தாள். அப்பா வெடுக்கென்று அதை இழுத்து, இடது கையால் நெஞ்சோடு அழுத்திக்கொண்டார்.

"வேலை கிடைச்சிருச்சுப்பா."

அவர் கண் அவள் முகத்தில் நின்றது. உதடு அசைந்தது. பதிலுக்கு ஏதோ சொல்ல வேண்டும் அவருக்கு. சொல்வதென்றால் அட்டையிலிருந்து கையை எடுக்க வேண்டும். அவர் எடுக்கவில்லை.