வெட்கத் துண்டு

சலமான்கா சதுக்கத்துக் கடையில் தட்டின் நடுவே ஒற்றைப் பன்றித் தொடைத் துண்டு கிடந்தது. மூன்று பேரும் அதைப் பார்க்காத மாதிரி பேசிக்கொண்டிருந்தார்கள். பெகோன்யா கார் நிறுத்திய இடத்தைப் பற்றிப் புலம்பினாள், மைதே விசிறியை விரித்து மூடிக்கொண்டிருந்தாள், நியேவெஸ் ரொட்டித் துணுக்குகளை விரலால் ஒதுக்கி ஒதுக்கி ஒரு சின்னக் குவியல் செய்துகொண்டிருந்தாள்.

பொதுத் தட்டில் கடைசியாக மிஞ்சுவதற்கு அந்த நாட்டுக்காரர்கள் வெட்கத் துண்டு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பசி வயிற்றைக் கிள்ளினாலும் அதை யாரும் தொடமாட்டார்கள். நீ எடு, ஐயோ நீ எடு என்று உபசாரம் நடக்கும். கடைசியில் அது காய்ந்துபோய்ச் சமையலறைக்கே திரும்பும். இவர்களுடைய மேசையில் மட்டும் இத்தனை வருஷமாக அப்படி நடந்ததில்லை. நாலாவது தோழி சாரோ இருந்தாள். "வெட்கமாவது மண்ணாவது! கடவுள் என்னைப் படைக்கறப்போ அதை வைக்க மறந்துட்டாருடி" என்று சொல்லி, முள்கரண்டிகூட இல்லாமல் இரண்டு விரலால் எடுத்து வாயில் போட்டுக்கொள்வாள். விரலையும் சப்புவாள். ஒரு மாதாகோவில் திருமண விருந்தில் பாதிரியார் உட்கார்ந்திருந்த மேசையிலும் அப்படித்தான் செய்தாள்.

பிப்ரவரியில் சாரோ செத்துப்போனாள். ஈரலில் ஆரம்பித்தது, மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை. இந்தக் கோடைப் பயணம் அவள் போட்ட திட்டம்தான். தங்கள் ஊர் வயதோலித்திலிருந்து காரில் கிளம்பி ஊர் ஊராகத் தெற்கே இறங்கிக் கடைசியில் காதிஸில் கடலைப் பார்ப்பது. "போகாம விட்டா அவ நம்மளைச் சும்மா விடமாட்டா" என்று பெகோன்யா சொன்னாள். சரி என்று கிளம்பினார்கள். பின்சீட்டில் சாரோ உட்காரும் பக்கத்தில் பைகளை அடுக்கினார்கள். அடுக்கியபோது யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

நியேவெஸுக்கு எதுவும் உறைக்கவில்லை. அதுதான் விஷயம். சலமான்கா கோவில் வாசலில் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள், அவளும் பார்த்தாள். கல். காசெரெஸில் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியை ரொட்டியில் தடவிக் கொடுத்தார்கள், வாய் நிறையத் தின்றாள். "எப்படி இருக்கு?" என்றால் "நல்லா இருக்கு" என்றாள். சுண்ணாம்பைத் தடவிக் கொடுத்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாள். மைதே படம் எடுக்கும்போதெல்லாம், "கொஞ்சம் நெருங்கி நில்லுங்கடி, நடுவுல இவ்வளவு இடம் எதுக்கு?" என்பாள். சொன்ன பிறகு அவளுக்கே சுருக்கென்றிருக்கும். செல்போனைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொள்வாள்.

பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்து சாரோவுக்கு மிக நெருக்கம் நியேவெஸ்தான். ஆனாலும் அவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. சவம் வைத்திருந்த கூடத்தில் வந்தவர்களுக்கெல்லாம் காபி எடுத்துக் கொடுத்தாள். யாருக்குச் சர்க்கரை, யாருக்கு வேண்டாம் என்று பார்த்துப் பார்த்துக் கொடுத்தாள். அன்றைக்கு இராத்திரி வீட்டுக்கு வந்து மீன் பொரித்துச் சாப்பிட்டாள். அடுத்த நாளும் கண்ணீர் வரவில்லை, அடுத்த மாதமும் வரவில்லை. தனக்குள் ஏதோ மரத்துப்போய்விட்டது என்று முதலில் நினைத்தாள். இப்போது அதைவிட மோசமாக ஒன்று தோன்ற ஆரம்பித்திருந்தது. ஒருவேளை நான் அவளிடம் பாசமே வைத்திருக்கவில்லையோ?

செவில்லாவில் வெயில் மண்டையைப் பிளந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு விடுதி அறையில் ஜன்னலின் மரச் சட்டங்களை இறக்கிவிட்டு மூவரும் மூன்று கட்டிலில் மல்லாந்து கிடந்தார்கள். மைதே குறட்டை விட்டாள். பெகோன்யா கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"ஒண்ணு கேக்கவா? கோவிச்சுக்காதே."

"கேளு."

"அவ செத்தப்போ நீ ஏன்டி அழலே? நானும் அன்னிலேருந்து பாத்துக்கிட்டிருக்கேன். விருந்தாளி வீட்டுக்கு வந்த மாதிரி எல்லாருக்கும் காபி ஊத்திக்கிட்டிருந்தே. அவ அம்மாகூட என்கிட்ட கேட்டாங்க, ரெண்டு பேருக்கும் எதாவது மனஸ்தாபமான்னு."

"மனஸ்தாபம் ஒண்ணுமில்லே."

"அப்புறம் என்னடி?"

"தெரியலே."

"தெரியலேன்னா? கல்லாடி நீ? எனக்குக் கார்ல ஏறினாலே நெஞ்சை அடைக்குது. நீ என்னடான்னா எல்லாத் தட்டையும் வழிச்சுட்டு நல்லா இருக்குங்கறே. உன்னைப் பாக்கவே எனக்கு ஆத்திரமா வருது. அடுத்த வருஷம் என்னைக் கூப்பிடாதீங்க. நான் வரமாட்டேன்."

பெகோன்யா கேட்டது நியாயமான கேள்விதான். சட்டத்தின் இடுக்கு வழியாக வெயில் கோடு கோடாக விழுந்து மெதுவாகத் தரையில் நகர்ந்தது. அது கட்டில் காலைத் தொடும்வரை நியேவெஸ் பார்த்துக்கொண்டே கிடந்தாள். மைதேயின் குறட்டை எப்போதோ நின்றுபோயிருந்தது, ஆனால் அவள் கண்ணைத் திறக்கவில்லை.

காதிஸில் காற்று பேயாக அடித்தது. மணல் பல்லில் நறநறத்தது. கடலைப் பார்த்தாயிற்று, பெரிதாகத்தான் இருந்தது. பெகோன்யா இரண்டு நாளாக மைதேயிடம் மட்டும் பேசினாள். கடற்கரைக்கு இரண்டு தெரு உள்ளே, காற்றுக்கு மறைவாக ஒரு சின்னக் கடைக்குள் நுழைந்தார்கள். இடுப்பில் துண்டு கட்டிய தொந்திக்காரப் பரிமாறுபவன் ஓடி வந்தான்.

"வாங்க வாங்க மகாராணிங்களா! காத்து உங்களைத் தூக்கிட்டுப் போகாம விட்டதே பெரிசு. எத்தனை பேரு?"

"நாலு" என்றாள் பெகோன்யா.

வாய்ப் பழக்கம். எல்லாக் கோடையிலும் எல்லாக் கடையிலும் அவள்தான் அந்தச் சொல்லைச் சொல்லுவாள். சொல்லி முடித்ததும் அவள் முகம் வெளுத்துப்போயிற்று. ஒருத்தியாவது திருத்தியிருக்கலாம். யாரும் திருத்தவில்லை. அவன் நாலு தட்டு, நாலு கண்ணாடிக் குவளை, நாலு முள்கரண்டி வைத்துவிட்டு, உள்ளே பார்த்து, "நாலு இறால் அடை!" என்று கத்தினான்.

அடை வந்தது. பொடி இறால் ஓட்டோடு மாவில் ஒட்டி, ஓரமெல்லாம் வலைப்பின்னலாக முறுகியிருந்தது. ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். கடித்தால் நொறுங்கும் சத்தம் மட்டும்தான் கேட்டது. "நல்லா இருக்கு" என்று சொல்ல வாயெடுத்த நியேவெஸ், பெகோன்யா பார்ப்பதைக் கண்டு சும்மா இருந்துவிட்டாள். நாலாவது அடை தட்டில் கிடந்தது. எண்ணெய் மெல்லக் காகிதத்தில் ஊறிப் பரவியது.

பரிமாறுபவன் மேசையைத் துடைக்க வந்தான். காலி நாற்காலியைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான்.

"என்ன, வெட்கமா? ஆறினா இது செருப்புத் தோல் மாதிரி ஆயிடும். எடுத்துட்டுப் போயிடவா?"

தட்டின் ஓரத்தை அவன் பிடித்துவிட்டான். மறு ஓரத்தை ஒரு கை பிடித்தது. நியேவெஸ் அதைப் பார்த்தாள். அவளுடைய கைதான்.

"வைங்க" என்றாள். "அவ சாப்பிடுவா."

மைதே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஓ, வந்துக்கிட்டிருக்காங்களா?" என்றான் அவன், பாவம். "முதல்லேயே சொல்லக்கூடாதா? வரட்டும், வரட்டும். தாகமா வருவாங்க." நாலாவது குவளையில் பனிக்கட்டி போட்டு, விளிம்புவரை சிவப்புத் திராட்சை மது ஊற்றி, எலுமிச்சைத் துண்டைச் செருகினான். அதைக் காலி நாற்காலிக்கு நேராக நகர்த்தி வைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனான்.

நியேவெஸின் கண் அப்போதும் காய்ந்துதான் கிடந்தது. ஆனால் கை தட்டை விடமாட்டேன் என்றது. விரல் நகமெல்லாம் வெளுத்து, தட்டு மேசைமேல் கடகடவென்று ஆட ஆரம்பித்தது. நிறுத்தப் பார்த்தாள், நிற்கவில்லை.

பெகோன்யா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"விடுடி" என்றாள் சன்னமாக. "யாரும் எடுக்கமாட்டாங்க. நான் பாத்துக்கறேன். விடு."

விடவில்லை. பெகோன்யா தன் கையையும் அந்தக் கைமேல் வைத்து அழுத்தினாள். இப்போது இரண்டு கையும் சேர்ந்து ஆடின. எதிரே நாலாவது குவளை வியர்த்து, மேசையில் வட்டமாக ஈரம் கோத்துக்கொண்டிருந்தது.