இருபத்தொரு நாள்

எல்லையோர ஊரான டாக்னாவின் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஹெர்மிந்தாவின் கால்நடை மருத்துவமனை. எல்லை தாண்டிச் சிலிக்குப் போகிற நாய் பூனைகளுக்கு அவள்தான் சான்றிதழ் எழுதுவாள். வெறிநோய் ஊசி போட்டு இருபத்தொரு நாள் ஆகியிருக்க வேண்டும், பூச்சி மருந்து கொடுத்திருக்க வேண்டும், முத்திரை அழியாமல் விழுந்திருக்க வேண்டும். மனிதர்களைக்கூட எல்லைச் சாவடியில் இத்தனை குடைவதில்லை.

இரண்டு வருடமாகத் தினமும் மதியம் மூன்று மணிக்கு, வாசலில் நாய்களுக்காக வைத்த தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்து கிடக்கும். பக்கத்தில் மணல் ஒட்டிய சின்னஞ்சிறு காலடிகள் நாலைந்து. ஹெர்மிந்தா யாரிடமும் சொல்லாமல் துடைத்துவிடுவாள். யாருடைய கால் என்று அவளுக்குத் தெரியும்.

அன்றைக்கு யூஸ்மாரி என்ற வெனிசுவேலாக்காரி, கனேலோ என்ற பழுப்பு நாயோடு வந்தாள்.

"டாக்டரம்மா, நாளையோட என் விசா முடியுது. எல்லைக்கு அந்தப் பக்கம் அரிக்காவுல எம்மவ காத்துக்கிட்டிருக்கா. இவனுக்கு ஊசி போட்டுப் பதிமூணு நாளாச்சு. எட்டு நாள் முன்னாடி தேதி போட்டுக் குடுங்க. உங்க பேனாவுக்கு வலிக்கவா போகுது?"

"முடியாதும்மா."

"ஆத்துல நான் முழுகினப்ப சட்டையக் கவ்வி இழுத்தவன் இவன். விட்டுட்டுப் போன்னா எப்படிப் போவேன்? உங்களுக்கு என்ன கல்நெஞ்சா?"

கல்நெஞ்சு இல்லாமல் போனதுதான் வினை. இரண்டு வருடத்துக்கு முன் எவாரிஸ்தோ என்ற கிழவர் தன் நாயோடு வந்து இப்படித்தான் அழுதார். பாவம் பார்த்து எட்டு நாள் முன்தேதி போட்டாள் ஹெர்மிந்தா. அந்த எட்டு நாளும் இங்கே நின்றிருந்தால் நாயே நோயைக் காட்டிக்கொடுத்திருக்கும். எல்லைக்கு அப்பால் அது கிழவரின் பேத்தி மைத்தேயைக் கடித்தது. சான்றிதழ்தான் இருக்கிறதே என்று அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை. ஒன்றரை மாதம் கழித்து, தண்ணீரைக் கண்டாலே அலறி அலறி அந்த ஐந்து வயதுக் குழந்தை செத்தது. கிழவர் இவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது கொஞ்சம் தூக்கம் வந்திருக்கும்.

"நீ போய் மகளப் பாரு," என்றாள் ஹெர்மிந்தா. "எட்டு நாள் இவன் எங்கிட்ட இருக்கட்டும். நானே கொண்டாந்து விடுறேன்."

சொன்ன பிறகுதான் பகீரென்றது. மைத்தே செத்ததிலிருந்து அவள் அந்த எல்லைச் சாலைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை.

எட்டு நாளும் கனேலோ நன்றாகத் தின்றான், குடித்தான். மூன்று மணியானால் மட்டும் வாசலைப் பார்த்து வாலை ஆட்டுவான். கிண்ணம் கவிழும்.

ஒன்பதாம் நாள் ஷேர் டாக்சியில் எல்லை தாண்டினார்கள். பாலைவனத்தில் ஓரிடத்தில் டிரைவர் ரெமிஹியோ ஹாரன் அடித்தான்.

"எதுக்குப்பா?"

"அந்தக் குட்டிக் கோயில் தெரியுதா டாக்டரம்மா? நாய் கடிச்சுச் செத்த புள்ளைக்கு அதோட தாத்தா கட்டினது. ஹாரன் அடிக்காமத் தாண்டக் கூடாது."

ஹெர்மிந்தா கதவுக் கைப்பிடியைப் பிடித்தாள். "நிறுத்து."

வீடு போலக் கட்டிய முழங்கால் உயரக் கோயில். உள்ளே மைத்தேயின் படம். அதைச் சுற்றி, வாசலே தெரியாமல், நூற்றுக்கணக்கான தண்ணீர் பாட்டில்கள். வழிப்பயணத்தில் செத்தவர்கள் தாகத்தோடு அலைவார்கள் என்று லாரிக்காரர்கள் வைத்துவிட்டுப் போகிற பாட்டில்கள். ஊர் வழக்கம். தண்ணீரைக் கண்டு அலறிச் செத்த குழந்தை என்று யோசிக்க யாருக்கு நேரம்?

"அடப் பாவிகளா," என்றாள் ஹெர்மிந்தா. "இத்தன தண்ணிக்கு நடுவுல கொழந்த எப்படிடா இருக்கும்?"

"டாக்டரம்மா, அதத் தொடக் கூடாது..."

அவள் கேட்கவில்லை. ஒவ்வொரு பாட்டிலாகத் திறந்து தூரத்து மணலில் கொட்டினாள். விரல் தோல் உரிந்தது. கடைசி பாட்டிலைக் கனேலோவுக்கு ஊற்றினாள். அவன் நக்கி நக்கிச் சொட்டு விடாமல் குடித்தான்.

"பாத்தியா கண்ணு, இவனுக்கு ஒண்ணுமில்ல. இருபத்தொரு நாள் எண்ணிட்டுத்தான் கூட்டியாந்தேன்," என்று படத்தைப் பார்த்துச் சொன்னாள்.

அரிக்காவில் யூஸ்மாரியும் மகளும் நாயைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஹெர்மிந்தா காப்பிகூடக் குடிக்காமல் திரும்பினாள்.

மறுநாள் மூன்று மணிக்கு வாசலில் உட்கார்ந்து பார்த்தாள். மூன்றரை ஆனது. நாலு ஆனது. கிண்ணம் நிறைந்தே இருந்தது. தரை சுத்தமாக இருந்தது. இரண்டு வருடமாக வராத அழுகை அப்போதுதான் வந்தது.