பூட்டிவிட்டு வந்தவர்கள்

விடிந்தும் விடியாமலும் திருமழிசை தொழிற்பேட்டையில் அந்த மோல்டிங் மிஷின் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் கொதிக்கக் கொதிக்க ஒரு பிளாஸ்டிக் மூடி விழும். அடுத்தது விழுவதற்குள் அதைக் கையில் எடுத்து, ஓரத்துப் பிசிறைப் பிளேடால் சீவி, கூடையில் போட்டாக வேண்டும். கையுறை போட்டால் வேகம் வராது என்று சூப்பர்வைசர் கொடுப்பதே இல்லை. நாகவல்லியின் விரல் நுனிகள் காய்த்துப்போய், சூடு தெரியாமல் ஆகி வெகுகாலம் ஆயிற்று.

அன்றைக்கு அவளுக்கு வயிற்றில்தான் நெருப்பு. மறுநாள் அவள் பிள்ளை விஷயமாகக் குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் போய் நிற்க வேண்டும். மிஷின் லைனில் கூட வேலை செய்கிற எல்லாரும் அதைப் பசங்க கோர்ட்டு என்றுதான் சொன்னார்கள்.

புருஷன் லாரியோடு வடக்கே போனவன் போனவன்தான். நாலு வயது கவிப்பிரியாவைப் பார்த்துக்கொள்ள வேறு நாதியில்லை. சென்னீர்குப்பத்து ஒற்றை அறையில் சிலிண்டரை மூடி, ஸ்விட்ச் போர்டுக்கு டேப் ஒட்டி, தட்டில் சோறு வைத்துவிட்டு, பிள்ளை ஹைவேக்கு ஓடிவிடக் கூடாதே என்று வெளியே பூட்டிக்கொண்டு வருவாள். பூட்டு போட்டால் பிள்ளை பத்திரம் என்றுதான் நம்பினாள். போன வாரம் பிள்ளை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகையைக் கேட்டு, எதிர் ஃபிளாட்டில் யாரோ குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போட்டுவிட்டார்கள். பூட்டை உடைத்துப் பார்த்தால் பிள்ளைக்கு அனலாய்க் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் காட்டி, காப்பகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அந்த நேரத்தில் பெற்றவள் இங்கே மூடி சீவிக்கொண்டிருந்தாள்.

"நீங்க வேலைக்குப் போற நேரத்துல குழந்தையை யார் பாத்துப்பாங்க? அதுக்கு ஒரு பதில் கொண்டு வாங்க. அப்புறம் வீட்டுக்கு அனுப்புறதைப் பத்திப் பேசலாம்" என்று குழுத் தலைவி மைதிலி மேடம் சொல்லியிருந்தார்.

டீ நேரத்தில் முதலாளி ஜெகதீசனின் அறையில் போய் நின்றாள்.

"சார், ஸ்டோர் பக்கத்துல ஒரு ரூம் சும்மாதான் கீது. பசங்கள வெச்சிக்க ஒரு ஆயாவப் போட்டா..."

"இது ஃபேக்டரியா, பால்வாடியா?"

"இத்தினி பொம்பளைங்க வேலை செஞ்சா கம்பெனியே பசங்களுக்கு எடம் குடுக்கணும்னு சட்டம் கீதாமே சார்."

ஜெகதீசன் சிரித்தார். "அது கம்பெனி ஆளுங்களுக்கும்மா. நீங்கல்லாம் காண்ட்ராக்டர் ஆளுங்க. என் கணக்குல இங்க பொம்பளைங்களே இல்ல."

கண்ணாடிக்கு அப்பால், பேச்சு காதில் விழும் தூரத்தில், லைன் பூராவும் பெண்கள் குனிந்து பிசிறு சீவிக்கொண்டிருந்தார்கள்.

"ஷிஃப்டாவது மாத்திக் குடுங்க சார். பால்வாடி தொறந்தப்புறம் வரேன்."

"உனக்குக் குடுத்தா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க. புள்ளையப் பெத்தது நீயா, கம்பெனியா?"

"பெத்தது நாந்தான் சார். பெத்தவள பொழுதுக்கும் புடிச்சி வெச்சிகினு கீறது நீங்க."

"வாய் நீளுது. நாளைக்குக் கோர்ட்டுக்குப் போறவ அப்படியே போயிடு. இங்க வராத."

அவள் வெளியே வந்தபோது யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எப்போதும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் ரேவதிகூட முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த லைனில் பாதிப் பேர் பிள்ளையைப் பூட்டிவிட்டு வருகிறவர்கள்தான். வாயைத் திறந்தால் தங்கள் பிள்ளையும் போய்விடுமே என்று பயம்.

மறுநாள் காப்பகத்து அக்கா கவிப்பிரியாவைக் குழு அலுவலகத்துக்குக் கூட்டி வந்தாள். புதுக் கவுன், எண்ணெய் வைத்து வாரிய தலை. ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்ட பிள்ளை அண்ணாந்து பார்த்துச் சொன்னாள்: "அம்மா, அங்க கதவப் பூட்றதே இல்ல, தெர்மா?"

நாகவல்லி பிள்ளையின் தலையைத் தடவினாள். பிள்ளை அங்கேயே இருந்துவிடட்டுமோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதற்குத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"பதில் கிடைச்சுதா நாகவல்லி?" என்றார் மைதிலி மேடம்.

"இல்ல மேடம். வேலையும் பூடுச்சி."

"அப்போ குழந்தை இப்போதைக்கு அங்கேயே இருக்கட்டும்மா. அன்னைக்குக் காய்ச்சலோட இன்னும் கொஞ்ச நேரம் உள்ளயே கிடந்திருந்தா..."

அவர் சொன்னது நியாயம்தான். நியாயமாக இருந்ததால்தான் அவளால் தாங்க முடியவில்லை.

கதவருகே சலசலப்பு. இடுப்பில் பையனோடு சபீனா நின்றாள். அவளும் அதே லைன். பின்னால் ரேவதி, கண்ணம்மா, யுவராணி, இன்னும் சிலர். எல்லாரும் கம்பெனி நீலக் கோட்டோடு, கையில் பிள்ளைகளோடு.

"யாரு நீங்க?"

"இவங்களோட வேலை செய்றோம் மேடம். நானும் எம்புள்ளைய ஊட்ல வெச்சிப் பூட்டிட்டுதான் போறேன். எழுதிக்கோங்க. பேரு சபீனா."

மைதிலி மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "இதை எழுதினா உங்க குழந்தையைப் பத்தியும் விசாரணை வரும். தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

சபீனா பையனை இடுப்பில் ஏற்றிப் பிடித்துக்கொண்டாள். "தெரிஞ்சிதான் மேடம். வல்லிக்கா மட்டும்தான் தப்பு பண்ணாங்கன்னு எழுதிட்டா, நாங்க நாளைக்கும் பூட்டிகினுதான் போவோம். எங்க எல்லாரையும் எழுதுங்க. எங்கள உள்ள வெச்சிகினே பொம்பளைங்க இல்லன்றாரே மொதலாளி, அவரையும் எழுதுங்க."

"நா ரேவதி. ரெண்டு பசங்க. பூட்டிட்டுதான் வரேன்."

கண்ணம்மா சொன்னாள். யுவராணி அழுதுகொண்டே சொன்னாள். மைதிலி மேடம் ஒவ்வொருவரையும் நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினார். முதலாளியைக் கூப்பிட்டு விசாரிப்பதாகவும், தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுதுவதாகவும் சொன்னார். அதுவரை கவிப்பிரியா காப்பகத்தில்தான். வேனில் ஏற்றும்போது பிள்ளை அலறிய அலறல் தெருமுனை வரை கேட்டது.

"நாளைக்கு எவளும் பூட்டக் கூடாது," என்றாள் ரேவதி. "பசங்களத் தூக்கிகினு கம்பெனி கேட்டாண்ட போறோம். நம்மள எண்ணிப் பாக்கட்டும் அந்தாளு. வல்லிய உள்ள உடலன்னா நம்மள்ள ஒருத்தியும் உள்ள போவக் கூடாது."

"நா எப்டிடி வருவேன்?" நாகவல்லி வெறுங்கையை விரித்தாள். "எம்புள்ள அங்க கீதே."

சபீனா தன் இடுப்பிலிருந்த பையனைப் பிரித்து எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

"நாளைக்கு இவன நீ தூக்கிகினு வாக்கா."

பையன் சிணுங்கினான், பிறகு அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டான். நாகவல்லி அவனை இறக்கிவிடாமலே பஸ் ஸ்டாப் வரை நடந்தாள்.