திருமயம் கோட்டையும் ஒரு செம்பும்

ஆத்மநாதனின் ஆல்பத்தில் புதுக்கோட்டைச் சமஸ்தானமும் அக்கம்பக்கமும் முழுவதும் இருந்தன, அவர் குடியிருந்த ஊரைத் தவிர.

திருமயம் தாலுகா கச்சேரியில் அவர் குமாஸ்தா. ஏழு வருஷமாகப் படக் கார்டு சேர்க்கிறார். குடுமியான்மலை, சித்தன்னவாசல், ஆவுடையார்கோயிலின் கல் கூரை, மீமிசல் படகுகள், ஒரு தேர், ஒரு காவடிக் கூட்டம். ஒவ்வொன்றின் கீழும் சிவப்பு மையில் குறிப்பு எழுதியிருந்தார். அந்த இடங்களில் பாதியை அவர் நேரில் பார்த்ததில்லை. அதுதான் கார்டு இருக்கிறதே, எதற்கு வெயிலில் அலைய வேண்டும் என்பது அவர் கட்சி.

ஆனால் ஜன்னலைத் திறந்தால் தெரிகிற திருமயம் கோட்டைக்குக் கார்டு இல்லை. யாரும் போடவில்லை. புதுக்கோட்டையில் படக்கடை வைத்திருந்த சூசைராஜை இரண்டு வருஷம் நச்சரித்தார். மூன்றாம் வருஷம் தை மாதத்தில் சூசைராஜ் இறங்கி வந்தான்.

"சனிக்கிழமை காலையில வாரேன் சார். குளத்துக்கு இந்தக் கரையில நின்னா கோட்டை முழுசா கெடைக்கும்."

"வெறும் கோட்டையை எடுத்தா பாறை மாதிரி இருக்கும், சூசை. எவ்வளவு பெரிசுன்னு தெரியணும்ல? கீழே அளவுக்கு ஒரு ஆளு நிக்கணும்."

"யாரு சார் நிப்பா?"

"யாராச்சும் குளிக்க வருவாங்க."

சனிக்கிழமை எட்டு மணிக்குக் குளிக்க வந்தவர் ஆத்மநாதன்தான். தினமும் கொல்லைக் கிணற்றில் குளிக்கிறவர் அன்று எண்ணெய் தேய்த்துக்கொண்டு, சீயக்காயும் செம்புமாகக் குளத்தில் இறங்கினார். சூசைராஜுக்கு ஆச்சரியம் இல்லை. முக்காலியை நிறுத்திவிட்டுக் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டான்.

"அசையாதீங்க சார்."

ஆத்மநாதன் வயிற்றை எக்கினார். மூச்சை அடக்கினார். மார்பை விரித்தார். அந்த நேரம் பார்த்து, தண்ணீர் நனைக்கிற படியில் வைத்திருந்த செம்பைத் தண்ணீர் மெல்லத் தூக்கியது. செம்பு ஒரு சுற்றுச் சுற்றி, அவர் இடுப்பை ஒட்டி நகர்ந்து, குளத்தின் நடுவைப் பார்த்துக் கிளம்பியது. கையை நீட்டினால் எட்டும். கையை நீட்டினால் படம் கலங்கிவிடும். அவர் கையை நீட்டவில்லை.

"ஆச்சு சார்" என்று சூசைராஜ் சொன்னபோது செம்பு ஒரு பக்கம் சாய்ந்து தண்ணீர் குடித்து முழுகியது. ஆத்மநாதனுக்கு நீச்சல் தெரியாது.

அது அவர் மனைவி சொர்ணவல்லி பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த செம்பு.

"படியில வச்சுட்டு முங்கி எந்திரிச்சேன். காணும்" என்றார் வீட்டில்.

"காணுமா? அங்கிட்டு யாரு இருந்தா?"

யாரும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். "பக்கத்து வீட்டுக் கண்ணாத்தா துவைச்சுக்கிட்டு இருந்துச்சு" என்றார். கண்ணாத்தாள் அடுத்த படித்துறையில் துவைத்துக்கொண்டிருந்தது உண்மைதான். உண்மையைத்தானே சொன்னோம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

அன்று சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. சொர்ணவல்லி கண்ணாத்தாளுடன் பேச்சை நிறுத்தினாள். கண்ணாத்தாள் சுவருக்கு மேலே நீட்டுகிற கறிவேப்பிலையும் நின்றது. இரண்டு மாதம் கறிவேப்பிலை இல்லாத ரசத்தைக் குடித்துக்கொண்டு, கார்டு எப்போது வரும் என்று ஆத்மநாதன் காத்திருந்தார்.

பங்குனியில் வந்தது. சூசைராஜின் கடையில் நின்றபடியே, சட்டைப் பையில் வைத்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். கோட்டை அருமையாக இருந்தது. அதன் கீழே, கோயில் சிற்பம் போல நிற்பதாக அவர் நினைத்திருந்த இடத்தில், கன்னம் உப்பி, பல்வலிக்காரனைப் போல ஒருவன் நின்றான். அதுகூடப் போகட்டும். அவனுக்கு ஒரு முழம் தள்ளி ஒரு செம்பு மிதந்தது. வாய் நெளிந்த செம்பு. அவன் கண் இரண்டும் அந்தச் செம்பின் மேலேயே இருந்தன.

"எத்தனை போட்டிருக்கே?"

"இருபத்தஞ்சு சார்."

"எல்லாத்தையும் குடு."

சூசைராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆத்மநாதன் இருபத்தைந்தையும் கொண்டுவந்து, கச்சேரிக் காகிதம் வைக்கிற தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டினார். ஆல்பத்தில் திருமயத்துக்கென்று விட்டிருந்த பக்கம் வெறுமையாகவே இருந்தது.

அடுத்த மாதம் புதுக்கோட்டைக்குப் போனபோது சூசைராஜின் கடை வாசலில் கோட்டை வரிசை வரிசையாகத் தொங்கியது.

"ஒரே நாள்ல இருபத்தஞ்சும் போயிருச்சுல்ல சார்! திருமயத்து மேல சனங்களுக்கு இம்புட்டு ஆசையான்னு நமக்குத் தெரியாமப் போச்சு. முந்நூறு போட்டுட்டேன். அறந்தாங்கி, இலுப்பூர், எல்லா ஊருக்கும் அனுப்பியாச்சு."

"நான்தானப்பா வாங்கினேன் அத்தனையும்."

"அதான் சார் சொல்றேன். ஒங்களுக்கே இருபத்தஞ்சு வேணும்னா மத்தவங்களுக்கு எத்தனை வேணும்!"

பத்து நாளில் ஒன்று வீடு தேடி வந்தது. இலுப்பூரில் கடை வைத்திருக்கும் மைத்துனன் குழந்தைசாமி, 'உங்கள் ஊர்ப் படம் இங்கே கிடைத்தது, அக்காவுக்குக் காட்டவும்' என்று எழுதியிருந்தான். ஆத்மநாதன் பின்பக்கத்தைச் சத்தமாகப் படித்துவிட்டுக் கார்டைச் சட்டைப் பையில் போடப் போனார்.

"குடுங்க. எனக்குத்தானே காட்டச் சொல்லியிருக்கான்" என்று சொர்ணவல்லி வாங்கிக்கொண்டாள். அவளுக்குப் பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை.

"இது நம்ம செம்பு."

"செம்புன்னா எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கும்."

"வாய் நெளிஞ்சதுமா? எங்க ஆத்தா கெணத்தடிக் கல்லுல போட்டு நெளிச்சது." கார்டைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். "யாருங்க இந்த ஆளு? செம்பு போறதைப் பாத்துக்கிட்டே மரமாட்டம் நிக்கிறான்?"

அடையாளம் தெரியவில்லை! ஆத்மநாதனுக்கு உயிர் வந்தது. யாரோ வெளியூர்க்காரன் என்று சொன்னால் போதும். செம்புத் திருட்டையும் அவன் தலையில் கட்டிவிடலாம். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மொகரையைப் பாரு. தொப்பையும் அவனும்" என்றாள் சொர்ணவல்லி.

"தொப்பை எங்கே இருக்கு அதுல? மூச்சை அடக்கி, வயித்தை எக்கிக்கிட்டுல நின்னேன்!"

சொல்லி முடித்த பிறகுதான் தாம் சொன்னது அவர் காதில் விழுந்தது.

சொர்ணவல்லி கத்தவில்லை. கார்டோடு பக்கத்து வீட்டுக்குப் போனாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு விம்மல் கேட்டது. யாருடையது என்று அவருக்குத் தெரியவில்லை. அதற்கப்புறம் இரண்டு பேரும் சிரித்தார்கள். திரும்பி வந்தபோது அவள் கையில் கறிவேப்பிலை இருந்தது.

"இந்தக் கார்டு இன்னும் இருக்கா?"

அவர் தகரப் பெட்டியைத் திறந்தார்.

"அந்த அக்காவைத் திருடின்னு தெருவெல்லாம் சொன்னேன். எத்தனை வீட்டுல சொன்னேனோ அத்தனை வீட்டுக்கும் நீங்களே கொண்டுபோய்க் குடுத்துச் சொல்லிட்டு வாங்க."

முதல் வீடு கண்ணாத்தாள் வீடு. வாயில் தயாராக வைத்திருந்த மன்னிப்பை அவர் சொல்லுமுன் கண்ணாத்தாள் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏந் தம்பி, நானும் அன்னைக்கு அங்கிட்டுத்தானே குனிஞ்சு துவைச்சேன்? என்னைய ஏன் எடுக்கல?"

இருபத்திரண்டு வீடு ஏறி இறங்கினார். ஒவ்வொரு வீட்டிலும் இது யாரு என்றார்கள். ஒவ்வொரு வீட்டிலும் நான்தான் என்றார். நாலைந்து வீட்டில் நம்பவில்லை. அங்கே மூச்சை அடக்கிக் காட்ட வேண்டியதாயிற்று.

வீட்டுக்கு வந்ததும் மிச்சமிருந்ததில் ஒன்றை ஆல்பத்தின் வெற்றுப் பக்கத்தில் ஒட்டினார். சிவப்பு மையைத் தொட்டு, வெகுநேரம் யோசித்து, கீழே எழுதினார்: 'திருமயம் கோட்டை. அளவுக்காக ஓர் ஆள்.'

சொர்ணவல்லி எட்டிப் பார்த்தாள்.

"செம்பை விட்டுட்டீங்க."