வியாழனுக்கு ஒரு பிழை

என் தம்பி அந்த மேடையில் ஏறக் கூடாது. எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

மற்ற மென்பொருள்களுக்குத் தேதியையும் நேரத்தையும் கணக்கிட்டுத் தரும் ஒரு நிரல் லைப்ரரி இருக்கிறது; அதை எழுதியவள் நான். ஊர்ப்பட்ட கம்பெனிகள் ஷிப்டுக்கும் சம்பளத்துக்கும் அதைத்தான் நம்பியிருக்கின்றன. பிரசவத்துக்குப் போகும்போது "கொஞ்ச நாள் பாத்துக்கோடா" என்று பொறுப்பைத் தம்பியிடம் கொடுத்தேன். பிள்ளையோடு திரும்பி வந்தால், எழுதியவர் என்ற இடத்தில் அவன் பெயர்.

"உன் பேர் எங்கயும் போகலக்கா, நன்றிப் பக்கத்துல இருக்கு" என்றான். போய்ப் பார்த்தேன். எழுத்துப்பிழை திருத்தியவர்களோடு சேர்த்திருந்தான். வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது.

இப்போது புதிய பதிப்பு. நிரல் எழுதுபவர்களின் ஆண்டு மாநாட்டு மேடையில் அதை அறிமுகப்படுத்திக் கைதட்டு வாங்கப் போகிறானாம். வழக்கப்படி ரிலீஸ் கேண்டிடேட்டை, அதாவது வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பை, முதலில் எல்லோருக்கும் சோதிக்கக் கொடுத்தான். ஒரு வாரத்துக்குள் பெரிய பிழை எதுவும் வராவிட்டால் அதுவே வெளியாகும். வந்தால் திருத்தி, அடுத்த கேண்டிடேட் விட்டு, மறுபடி ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். அந்த விதியை வைத்ததும் நான்தான்.

நான் வேலை பார்க்கும் சலவை ஆலையின் ஷிப்ட் அட்டவணையை அதில் ஓடவிட்டேன். டீ ஆறுவதற்குள் நாலு பிழை. நம்ம துரை நிரலைச் சுத்தம் செய்திருக்கிறார்! எதற்கென்று புரியாத என் வரிகளையெல்லாம் வழித்துப் போட்டிருக்கிறான். நள்ளிரவைத் தாண்டும் ஷிப்டை இரண்டு நாளுக்கும் எண்ணியது. பிப்ரவரி இருபத்தொன்பதில் பிறந்த வேன் டிரைவர் பிறக்கவே இல்லை என்றது.

நல்ல மனுஷி என்றால் நாலையும் அன்றே சொல்லியிருப்பாள். நான் ஒன்றை மட்டும், கெடு முடியும் வியாழன் மதியம், எல்லோரும் பார்க்கும் இணையக் குழுவில் மிகப் பணிவாகப் போட்டேன். அடுத்த கேண்டிடேட் வந்தது. அடுத்த வியாழன் இன்னொன்று. மூன்றாவதற்கு அவன் நன்றிகூடச் சொல்லவில்லை. நாலாவதற்கு அம்மா போன் செய்தாள்.

"ஏண்டி, அவன் சரியா தூங்கிப் பல நாள் ஆச்சாம். என்னடி பண்ற அவனை?"

"தப்பு இருந்தா சொல்லுங்கன்னு அவன்தாம்மா கேட்டான். சொல்றேன்."

ஐந்தாவது கேண்டிடேட் வந்தபோது மாநாட்டுக்கு ஒரே வாரம்தான் இருந்தது. துருவித் துருவிப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. சனியன், ஒழுங்காகத்தான் திருத்தியிருந்தான். இனி மேடை ஏறிவிடுவான் என்று நினைத்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வியாழன் காலையில் அவனே கூப்பிட்டான்.

"அக்கா, இன்னும் எத்தனை வச்சிருக்க?"

"ஒண்ணும் இல்லடா."

"வெளையாடாத. நான் மேடையில நிக்கும்போது போடலாம்னு இருக்க, அதானே?"

அந்த யோசனை எனக்கு வரவே இல்லை. வந்திருக்கலாம்.

"சத்தியமா இல்லடா. வெளியிட்டுக்கோ."

"அப்ப எல்லாரும் பாக்குற மாதிரி குழுவுல எழுதிக் குடு."

"யாருன்னு கையெழுத்துப் போடட்டும்? எழுத்துப்பிழை திருத்தினவள்னா?"

போனை வைத்துவிட்டான்.

அன்று அவன் வெளியிடவில்லை. மாநாட்டில் அவன் நேரத்தை வேறு யாருக்கோ கொடுத்தார்கள். பிழைதான் எதுவும் பாக்கி இல்லையே, ஏன் தள்ளிப்போடுகிறீர்கள் என்று குழுவில் ஆளாளுக்கு நச்சரித்தார்கள். இரண்டு நாள் மழுப்பிப் பார்த்தான். பிறகு எரிச்சலில் ஒரே வரி எழுதினான்: "இதை எழுதியவர் இன்னும் சரி சொல்லவில்லை."

"எழுதியது நீங்கள்தானே?" என்று கீழே ஒருவர் கேட்டிருந்தார்.

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு கையால் தட்டினேன்: "எல்லாம் சரியாக இருக்கிறது. வெளியிடலாம். இப்படிக்கு, எழுதியவள்."